மாமாவின் எம்.ஜி.க்கு ஒரு ஜோடி கார்புரேட்டர்

ஜூன் 9, திங்கள்

மனைவி வினோதினி பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். காலை முழுதும் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் போயிற்று.

யாரிடம் கேட்டாலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கேயும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். மாமா என்றால் வினோவின் அப்பா நஞ்சப்பன். வடவள்ளியில் தனியாக இருக்கிறார். ஒரு காலத்தில் பம்பு வார்ப்படப் பட்டறை வைத்திருந்தவர். அவரிடம் 1952-ஆம் வருடத்து எம்.ஜி. கார் ஒன்று இருக்கிறது. இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடித்துவிடலாம், அசல் ஸ்போர்ட்ஸ் கார். வாங்கியபோது இன்ஜினின் பக்கவாட்டில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களும், அவற்றை இன்ஜினோடு சேர்க்கும் மேனிஃபோல்டு என்ற அலுமினியக் குழாயும் இருந்தன. எப்போதோ ஒரு மெக்கானிக் அதையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஓர் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து அம்பாசடரின் ஒற்றைக் கார்புரேட்டரை மாட்டிவிட்டான். வண்டி ஓடுகிறது, இருமிக்கொண்டே. ஆகஸ்டில் ஊட்டியில் பழைய கார்களின் கண்காட்சி. அதற்குள் அந்த வருடத்துச் சாமானே வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். "உங்களுக்குத்தான் மிஷின் தெரியுமே, ஞாயித்துக்கிழமைல தேடிப் பாருங்க" என்று வினோ என்னிடம் ஒப்படைத்தாள்.

மூன்றாவது கடையில் ஓர் எஸ்.யூ. கிடைத்தது. ஒன்றே ஒன்று. ஏதோ மாரிஸ் காரிலிருந்து வந்தது.

"ஒண்ணுதானுங்களா?" என்றேன்.

"ஒண்ணு கெடச்சதே பெருசுங்க. ஜோடி வேணும்னா கல்யாண புரோக்கர்கிட்டத்தான் போகோணும்."

சிரித்துவிட்டு வந்தேன். மதியச் சாப்பாடு வ.உ.சி. பூங்காவில். நிழல் நன்றாக இருந்தது.

மாலையில் வினோ கேட்டாள், "ஆபீஸ்ல என்ன இன்னைக்கு?"

"ஆடிட்" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். செய்தித்தாள்களில் ஒரு வரிகூட மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கிறார்கள். ஒருவருக்கு போன் போட்டால் இன்னும் மூவரின் எண் கிடைக்கிறது. நாள் முழுக்கப் பேசலாம், பேசினேன். சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் எஸ்.யூ. ஜோடி இருக்கிறதாம், மேனிஃபோல்டோடு.

கம்பெனி வேலையாகச் சென்னை போக வேண்டும் என்று வினோவிடம் சொன்னேன். "உங்க கம்பெனிக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்று சொல்லிக்கொண்டே சட்டையை இஸ்திரி போட்டாள். காலர் மடிப்பை இரண்டு தடவை தேய்த்தாள். பார்க்க முடியாமல் மொட்டை மாடிக்குப் போய்க் காயாத துணிகளை எடுத்து வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மாமா வீடு. கார்புரேட்டரின் உள்வாய் எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று பழைய கையேட்டில் பார்த்தோம். பார்த்தது நான், அவர் என்னையே படிக்கச் சொன்னார். ஒன்றேகால் அங்குலம். அடுத்து வந்த வேகமான மாடலுக்கு ஒன்றரை.

காபி ஊற்றும்போது டம்ளர் நிறைந்தும் ஊற்றிக்கொண்டே இருந்தார். வயசாகிறது.

ஜூன் 17, செவ்வாய்

சென்னை. புதுப்பேட்டைச் சந்துகளில் கார்களை முழுசாகப் பார்க்க முடிவதில்லை. ஒரு கடை முழுக்கக் கதவுகள், இன்னொன்றில் கண்ணாடிகள் மட்டும். நான் தேடி வந்த கடையின் பாய், அலமாரியின் அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து அவிழ்த்தார்.  இரண்டு எஸ்.யூ.க்கள், மணி கவிழ்த்த மாதிரி தலையோடு, ஒரே மேனிஃபோல்டில் பக்கத்தில் பக்கத்தில்.

வெர்னியரை வைத்து அளந்தேன். ஒன்றரை.

"இது பெருசு பாய்."

"கால் இஞ்சு தானே சார். மேனிஃபோல்டு ஓட்டையக் கொஞ்சம் ராவினா ஏறிடும். வெளியேருந்து பாக்கறவனுக்கு இன்னா தெரியப் போவுது?"

உண்மைதான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். கடைசியில் வேண்டாம் என்றேன். ரயிலில் வரும்போது அந்த 'வேண்டாம்' மனதுக்கு இதமாக இருந்தது. இந்தப் பாகம் தேறும், இது தேறாது என்று சொல்லும் வேலையைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

மாமா காலையில் போன் செய்து வரச் சொன்னார். கார் நிற்கும் ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. நேத்து உங்களைக் கூப்பிட்டேன், செல்லு கெடைக்கலை. கம்பெனிக்கே போட்டேன்."

நான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லோகநாதன் ஏப்ரல்லயே நின்னுட்டாருன்னு போனை எடுத்த பொண்ணு சொல்லுது."

"நிக்கலைங்க மாமா. நிறுத்திட்டாங்க. எங்க பிரிவையே மூடிட்டாங்க."

"வினோவுக்கு?"

"தெரியாதுங்க."

மாமா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் முகத்தை லேசாக ஒரு பக்கம் திருப்பி, கோழி பார்ப்பது போல ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார்.

"நான் சொல்லமாட்டேன். நீங்களும் எனக்கு ஒண்ணு பண்ணோணும். இந்தக் காரு ஊட்டிக்கெல்லாம் போகலை. பெங்களூர்ல ஒருத்தர் கேக்கறார். எல்லாம் அந்த வருசத்துச் சாமானா இருந்தா எடுத்துக்கறேங்கறார். வினோவுக்குத் தெரிஞ்சா விட மாட்டா. அவ வண்டி பழகினதே இதுலதான்."

"எதுக்குங்க மாமா விக்கோணும்?"

 மாமா வலது கையைத் தன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இந்தக் கை எனக்குத் தெரியலைங்க. நடுவால கறுப்பா ஒரு வட்டம். ஓரத்துல இருக்கறதெல்லாம் தெரியுது. நேராப் பாத்தா ஆளே இல்லை. ரெண்டு கண்ணுலயும் அப்படித்தான். இனித் திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். என்ற பொண்ணுக்குத் தெரிஞ்சா என்னைக் கூட்டிட்டுப் போயி உங்க வீட்டுல உக்கார வெச்சிருவா. எனக்கு இங்கதான் இருக்கோணும்."

வாசலில் அவருடைய சின்ன மாருதி நின்றது. அதில்தான் அவர் காய்கறி வாங்கப் போகிறார், வங்கிக்குப் போகிறார்.

"மாருதியை இன்னும் ஓட்டறீங்களா?"

"பழகின ரோடுதானுங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது.

ஜூன் 24, செவ்வாய்

திருப்பூர், அவிநாசி, பெருந்துறை. எங்கும் இல்லை. வெயிலில் அலைந்தால் வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

ஜூலை 2, புதன்

ஒரு துப்பு. குன்னூரில் தேவகி பெள்ளியப்பா என்று ஓர் அம்மா. அவர் கணவர் தேயிலை எஸ்டேட் மேனேஜராக இருந்தவர், எம்.ஜி. வைத்துப் பந்தயம் ஓட்டியவர். கார் எப்போதோ போய்விட்டது, இன்ஜினில் மாட்டும் சாமான்கள் மட்டும் பெட்டியில் இருக்கின்றனவாம். பலர் கேட்டும் அந்த அம்மா கொடுக்கவில்லையாம். போனில் பேசினேன். "அடுத்த வாரம் வந்து பாருங்க. பாக்கறதுக்குத்தான்" என்றார்.

வினோ என் செருப்பைப் பார்த்தாள். "ஆபீஸ்ல உக்காந்திருக்கற ஆளுக்கு எப்படிங்க இப்படித் தேயுது?" நான் பழைய செருப்பு என்றேன். பொங்கலுக்கு அவள்தான் வாங்கிக் கொடுத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

மாமா காலையில் மாருதியில் வந்தார். வினோவை மருதமலைக்குக் கூட்டிக்கொண்டு போக. நான் கேட்டருகில் நின்றேன். அவள் முன்சீட்டில் ஏறி, முந்தானையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். "நான் ஓட்டட்டுமா மாமா?" என்று கேட்டேன். "நீங்க ரெஸ்ட் எடுங்க, வாரமெல்லாம் வேலைக்குப் போறவரு" என்றார் மாமா. ஒரு மாதிரிச் சிரித்தார்.

அவர்கள் திரும்பும்வரை வீட்டில் ஒரு இடத்தில் உட்காரவில்லை. மின்விசிறிகளைத் துடைத்தேன். சொட்டாத குழாயின் வாஷரை மாற்றினேன்.

மதியம் வந்தார்கள். காரின் இடப்பக்கம் முழுக்க உராய்ந்திருந்தது. நின்றுகொண்டிருந்த ஆட்டோமேல் தேய்த்துவிட்டாராம். ஆட்டோக்காரர் இறங்கி டீ குடிக்கப் போயிருந்தாராம். வினோ சிரித்துக்கொண்டே சொன்னாள், "அப்பாவுக்கு இப்பல்லாம் கவனமே இல்லைங்க." அவள் உட்கார்ந்திருந்த பக்கம்.

ஜூலை 9, புதன்

குன்னூர் போய் வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வீடு பெட்ஃபோர்டு பகுதிக்கு மேலே, சரிவில். தேவகி அம்மாவுக்கு எழுபதுக்குமேல் இருக்கும். ஸ்வெட்டர், கேன்வாஸ் ஷூ, கையில் செடி வெட்டும் கத்தரி. நேராகப் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போனார். தேயிலைப் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளி, "திறங்க" என்றார்.

கிரீஸ் தடவி, துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். பித்தளைத் தகட்டில் எண் தெளிவாக இருந்தது. அளந்தேன். ஒன்றேகால். இரண்டும். மேனிஃபோல்டில் ஒரு கீறல்கூட இல்லை. 

டீ கொடுத்தார். "கார் யாருது?"

"என் மாமனாருதுங்க."

"அவரே ஓட்டுவாரா? நிறையப் பேர் வந்தாங்க, எல்லாம் விக்கறவங்க. விக்கறதுக்குன்னா தரமாட்டேன். ஓட்டறவங்களுக்குன்னா தருவேன்."

பதில் தயாராக இருந்தது. பஸ்ஸில் வரும்போதே தயார் செய்திருந்தேன். மாமா தினமும் அதில்தான் வாக்கிங் மைதானத்துக்குப் போகிறார், ஊட்டிக் கண்காட்சி, எல்லாம். ஆனால் அதற்குள் அவர், பேச்சுக்காக, "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டார்.

யாரும் யாரையும் கேட்கும் கேள்விதான். அதற்கு நான் எதுவும் தயார் செய்திருக்கவில்லை.

"வேலை இல்லீங்க" என்றேன். "ஏப்ரல்ல போயிருச்சு."

அதற்குப்பின் நிறுத்த முடியவில்லை. காலையில் கிளம்புவது, பூங்கா, நூலகம், புதுப்பேட்டை, பெங்களூர்க்காரர், மாமாவின் கண், மருதமலை, அந்த ஆட்டோ. முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் முன்னால் டீ ஆறிக்கொண்டிருக்க எல்லாவற்றையும் கொட்டினேன். 

முடித்ததும் அவர் எழுந்து பெட்டியை மூடினார். "உங்க மனைவிக்கு இதில எதுவுமே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"நான் மூணாவது மனுஷி. எனக்குத் தெரியுது. இது நல்லாவா இருக்கு? வீட்டுக்குப் போங்க. கார்புரேட்டர் எங்கேயும் போகாது."

மேட்டுப்பாளையம் வரை பஸ் ஒவ்வொரு வளைவிலும் என்னைக் கீழே தள்ளிக்கொண்டே வந்தது.

வினோ சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன். முதலில் வேலை. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அடுத்து காரின் விற்பனை, குன்னூர் அம்மா. கடைசியில் மாமாவின் கண். நான் பாதி சொல்லும்போதே எழுந்துவிட்டாள். முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே என்னை ஏத்திவிட்டீங்க."

"வினோ, நான் ஓட்டறேன்னு கேட்டேன்..."

"வேலை போனதைச் சொல்லலை, சரி, அது உங்க பயம். அதை நான் எப்படியாவது புரிஞ்சுக்குவேன். கண்ணு தெரியாத மனுசன் வண்டி ஓட்டறார்னு தெரிஞ்சும் கேட்டுல நின்னு கையாட்டுனீங்களே. நானில்லீங்க, ரோட்டுல ஒரு குழந்தை நின்னிருந்தா?"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடவள்ளிக்குப் போனாள். இருட்டுவதற்குள் மாருதிச் சாவியோடு திரும்பி வந்தாள். அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள். தாள்களைத் திருத்தி முடித்தாள்.

ஜூலை 10, வியாழன்

மாமா போன் செய்தார். "வாக்குக் குடுத்துட்டு மாறிட்டீங்க மாப்பிள்ளை." வைத்துவிட்டார்.

ஜூலை 12, சனி

வினோ என்னிடம் பேசுவதில்லை. சமைக்கிறாள், எடுத்து வைக்கிறாள், பேசுவதில்லை. வெளியே போகக் காரணம் எதுவும் இல்லை. வீட்டில் இருக்கவும் முடியவில்லை. தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.

ஜூலை 16, புதன்

தெரிந்த இரண்டு பேருக்கு வேலை கேட்டு போன் செய்தேன். வேலை கேட்டு என்று வாய்விட்டுச் சொல்லியே கேட்டேன். ஒருவர் பார்க்கலாம் என்றார். இன்னொருவருக்கும் வேலை போய்விட்டதாம். அவர்தான் ரொம்ப நேரம் பேசினார்.

ஜூலை 19, சனி

காலையில் எழுந்தபோது வினோ இல்லை. கைப்பை இல்லை, ஸ்கூட்டர் இருந்தது. போன் செய்தேன், எடுக்கவில்லை. பள்ளி விடுமுறை. மாமாவுக்கு வெட்கத்தை விட்டு போன் செய்தேன். "இங்க வரலை" என்றார், அவர் குரலும் மாறியது. அவள் தோழி வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தேன். காந்திபுரம் பஸ் நிலையத்தில் ஏன் என்று தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றினேன். ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இன்று தெரிந்தது. பகலெல்லாம் நான் எங்கே இருந்தேன் என்று தனக்குத் தெரியாது என்பதே அவளுக்கு அப்போது தெரியாது, அதனால் வலிக்கவில்லை. இப்போது மொத்தமாக வலித்திருக்கும்.

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் தேயிலைப் பெட்டி.

"கேட்டேன். குடுத்தாங்க" என்றாள். பத்து நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"என்ன சொன்னே?"

"அப்பாவுக்குக் கண்ணு போயிருச்சு, விக்கப் பாத்தார், நான் விடலை, இனி நான்தான் ஓட்டுவேன்னேன். எனக்கு ரெண்டு நெல்லிக்காய் குடுத்து சாப்பிடச் சொன்னாங்க."

பெட்டியை என் முன்னால் வைத்தாள். "மாட்டத் தெரியுமில்ல உங்களுக்கு?"

ஜூலை 27, ஞாயிறு

ஒரு வாரமாக மாமாவின் ஷெட்டில் இருக்கிறேன். வெல்டிங் குழாயைக் கழற்றி எடுத்தேன். கார்புரேட்டர்களைப் பிரித்துக் கழுவினேன்; தேய்ந்த தண்டுகளுக்குப் பட்டறையில் புஷ் என்ற புது வளையங்கள் போட்டு வாங்கினேன். மேனிஃபோல்டு இன்ஜினோடு பொருந்தியபோது ஒரு தாள்கூட நுழைய இடம் இல்லை.

மாமா முதல் மூன்று நாள் ஷெட்டுப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என்னிடம் பேசவில்லை. இன்று இன்ஜினை ஓடவிட்டு, இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையை நீட்டினார். குழாயைக் கொடுத்தேன்.

"முன்னால இருக்கறது அதிகமா இழுக்குதுங்க" என்றார், காரிடம் சொல்வது போல.

எனக்கும் அப்படித்தான் பட்டது. திருகைக் கால்வாசி திருப்பினேன்.

"ம்" என்றார். குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பெங்களூர்க்காரருகிட்ட இல்லைன்னுட்டேன்" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பேரூர்ப் பக்கம் கூட்டமாக இருக்கும் என்று தொண்டாமுத்தூர் சாலையில் ஓட்டிப் பார்ப்பதாக முடிவு. வினோ ஓட்டினாள், மாமா பக்கத்தில். இரண்டு பேர்தான் உட்காரலாம். நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்தேன்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இருமல் இல்லை. மேட்டில் ஏறும்போது குரல் கனத்தது, அவ்வளவுதான். வினோவின் தலைமுடி கலைந்து பறந்தது. ஒரு கையால் ஒதுக்கவும் இல்லை. பாக்குத் தோப்பு தாண்டி ஓர் இடத்தில் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது.

வினோ திரும்பிப் பார்த்தாள். நான் ஸ்கூட்டரை நிறுத்தி ஓடினேன். பானெட்டைத் திறந்தேன். பின்கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் மிதவை அறைக்குள், நான் கழுவியும் தப்பிய ஒரு துரும்பு, அறுபது எழுபது வருடத்துத் தூசியாக இருக்கும். எடுத்து ஊதினேன். மூடினேன். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. கைகளைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றேன்.

மாமா கதவைத் தடவித் திறந்து இறங்கினார்.

"எங்கப்பா போறீங்க?"

"இங்க ஒரு டீக்கடை இருக்கு, வாசம் வருது. நான் உக்காந்துக்கறேன். மாப்பிள்ளை ஏறட்டும். வண்டிச் சத்தத்தைப் பக்கத்துல உக்காந்து கேட்டாச்சு. தூரத்துலருந்து எப்படிக் கேக்குதுன்னு பாக்கறேன்."

டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு வந்தேன். காரில் ஏறினேன். சீட் அவ்வளவு தாழ்வு, சாலை கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது.  எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, சொன்னால் கெட்டுவிடும் போலவும் இருந்தது. தென்னந்தோப்புகள் வந்து போயின. மலை அருகில் வந்தது.

"நாளைக்குத் திங்கக்கிழமை" என்றாள், சாலையைப் பார்த்துக்கொண்டே. "என்ன பண்ணுவீங்க?"

பழக்கத்தில் வாய்க்கு ஏதோ வந்தது. விழுங்கினேன்.

"தெரியலை வினோ."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன், அப்படியே அங்கேதான் இருந்தது. ஆனால் கியரை மாற்றும்போது அவள் புறங்கை என் முழங்காலில் பட்டது. அவள் நகர்த்திக்கொள்ளவில்லை.

"தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க" என்றாள். "எனக்கு அது போதும்."

திரும்பி வரும்போது, நாங்கள் நெருங்குவதற்கு வெகு முன்பே, சத்தம் கேட்டு மாமா பெஞ்சிலிருந்து எழுந்து சாலையோரம் வந்து நின்றிருந்தார்.